ஒரு புத்தகத்துக்கு எத்தனை காது

ஆண்டு பிறந்ததும் வெளிநாட்டுப் பொது நூலகங்கள் சிலவற்றில் ஒரு தாளை ஒட்டிவிடுவார்கள். மாதத்துக்கு ஒரு தலைப்பு. ஜனவரியில் உங்கள் வயதைவிட மூத்த புத்தகம், பிப்ரவரியில் மொழிபெயர்ப்பு, மார்ச்சில் யாராவது தடை செய்தது என்று டிசம்பர் வரை போகும். 1998-ல் அமெரிக்காவின் சியாட்டல் நூலகம், ஊரே சேர்ந்து ஒரே புத்தகத்தைப் படித்தால் என்ன என்று ஆரம்பித்தது. 2005-ல் சிங்கப்பூர் நூலக வாரியம் அதே யோசனையை நான்கு மொழிகளில் செய்து பார்த்தது, தமிழும் அதில் ஒன்று. நம் பக்கம் எழுத்தாளர் ஜெயமோகனின் வாசகர்கள் ஆயிரம் மணி நேர வாசிப்புச் சவால் என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எனக்குக் கடிகாரம் ஒத்துவராது. தலைப்பு ஒத்துவரும். தலைப்பு இருந்தால் புத்தகத்தைத் தேட வேண்டும், தேடும் வழியில் வேறு நாலு புத்தகம் கையில் மாட்டும்.

எங்கள் ஊர் நூலகத்தில் அப்படி எதையும் ஒட்டுவதில்லை. நானே ஒரு தாளை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். ஆண்டு முழுக்க ஒரே நிலம்: மலேசியாவின் பேராக் மாநிலம். பழைய புத்தகக் கடையில் கிடைத்த அகிலனின் 'பால்மரக் காட்டினிலே'தான் இதற்குக் காரணம். எழுபதுகளின் நடுவில் மலேசியா போய்வந்த பிறகு அவர் எழுதிய நாவல். அதைப் படித்துவிட்டு வரைபடத்தை விரித்தவன், ஈப்போ, பத்து காஜா, சுங்கை சிப்புட், கோலா கங்சார் என்ற பெயர்களிலேயே நின்றுவிட்டேன். ஒரு பக்கம் ஈயம் தோண்டிய கிந்தா பள்ளத்தாக்கு, இன்னொரு பக்கம் பால்மரத் தோட்டங்கள். இரண்டிலும் நம் ஆட்கள்.

தலைப்புகளும் என்னுடையவைதாம். துரை எழுதியது, தொழிலாளி எழுதியது, படம் போட்டது, சித்திரவதையிலிருந்து மீண்டவர் எழுதியது, தடை செய்யப்பட்டது, ஒரே சம்பவத்தை மூன்று பேர் எழுதியது. இன்னும் சில.

'துரை எழுதியது' நிரம்பச் சிரமமே இல்லை. ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்காரர்களுக்கு எழுத ஏராளமான மாலைப்பொழுதுகள் இருந்திருக்கின்றன. ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் மலாயாவை வைத்து எழுதிய நாவலுக்கு 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசே கிடைத்தது. அவருக்குப் பின்னால் 1936-ல் ரப்பர் வேலைக்கு மலாயா வந்த இன்னொரு பிரெஞ்சுக்காரர் பியர் பூல். பெயர் தெரியாதவர்களுக்கும் அவர் புத்தகம் தெரியும்: 1952-ல் வந்த 'குவாய் நதிப் பாலம்'. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை என்றால் உலகத்தின் கண்ணுக்கு விசிலடித்தபடி அணிவகுக்கும் ஆங்கிலேயப் போர்க் கைதிகள் வந்து நிற்பது அந்த நாவலாலும், அதைப் படமாக எடுத்தவர்களாலும்தான். தமிழர்கள் பால் வெட்டிய தோட்டங்களில் வேலை பார்த்தவர் பூல். அதே மாதிரித் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர்கள் அள்ளிக்கொண்டு போன பல்லாயிரம் தமிழர்கள் அந்தப் பாதையில் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். அவருடைய கதை அவர்களைப் பற்றியது இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' வருவதற்கு 1993 ஆயிற்று. பிறகு அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', கோ. புண்ணியவானின் 'கையறு'. 'ஒரே சம்பவத்தை மூன்று பேர்' என்ற வரிசைக்கு மூன்றும் தமிழிலேயே கிடைத்தன.

தடை செய்யப்பட்ட புத்தகத்துக்கு மாநில எல்லையைத் தாண்டிக் கெடாவுக்குப் போக வேண்டியிருந்தது. ம. நவீனின் 'பேய்ச்சி'. 2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சு தடை செய்த தமிழ் நாவல்.

பட்டியல் முடிந்த பிறகு ஊரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கிளம்பினேன்.

கோலாலம்பூர் சென்ட்ரலில் மின்ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ. புத்தகங்களில் நான் பார்த்த பால்மரம் ஜன்னலில் ஏறக்குறைய இல்லை. எங்கும் செம்பனை. ஒரே அளவு, ஒரே இடைவெளி, முடிவே கிடையாது. ஈப்போ நெருங்கும்போது நிலம் திடீரென்று எழுந்து சுண்ணாம்புக் குன்றுகளாகிறது. சிலவற்றைப் பாதி வெட்டித் தின்றிருக்கிறார்கள், வெட்டிய இடம் வெள்ளையாகத் தெரிகிறது. குகை உள்ள குன்றுகளில் சாமி குடியேறிவிட்டது. சீனர்களுக்குப் புத்தர், நமக்குக் கல்லுமலை முருகன்.

ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1917-ல் முடிந்த ஈப்போ ரயில் நிலையத்தை ஊர்க்காரர்கள் தாஜ்மகால் என்கிறார்கள். அதன் வாசலில் நின்று நகரத்தைப் பார்த்தால் ஈயம் எவ்வளவு பணம் கொட்டியிருக்கும் என்று புரியும். பழைய நகரம் இன்று சுவரோவியங்களுக்கும் வெள்ளைக் கோப்பிக்கும் பேர்போனது. கோப்பிக்கொட்டையை மார்ஜரினில் வறுப்பதுதான் அதன் ரகசியம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்காக வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு நான் ஒட்டுக்கடையில் தே தாரேக் குடிக்கப் போய்விட்டேன்.

அந்தத் தெருக்களில் எனக்கு வழிகாட்டி லாட். பேராக்கின் கோப்பெங் பக்கத்துக் கம்பத்தில் 1951-ல் பிறந்த மலாய்க் கேலிச்சித்திரக்காரர். 'கம்போங் பாய்' 1979-ல், அதன் தொடர்ச்சியான 'டவுன் பாய்' 1981-ல் வந்தன. கம்பத்துப் பையன் ஈப்போவுக்குப் படிக்க வருகிறான், ஃபிராங்கி என்ற சீனப் பையன் வீட்டில் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டைக் கேட்டு ஆடுகிறான். அதில் வரும் முகங்களில் நம் ஆட்களும் உண்டு. லாட் போடும் ஈப்போவில் தெரு எப்போதும் ஆட்களால் வழியும். நான் நடந்த ஈப்போவில் பிற்பகல் தெரு காலியாக இருந்தது, படமெடுத்துக்கொள்ளும் சுற்றுலாக்காரர்களைத் தவிர.

ஈப்போவைப் பற்றிய இன்னொரு புத்தகம் எனக்கு ஒரு சின்ன இன்ப அதிர்ச்சியைத் தந்தது. இங்கே வளர்ந்த பிரீதா சமரசன் 2008-ல் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல். வசதியான இந்தியக் குடும்பம், அவர்கள் வீட்டில் வேலைக்கு வந்து பழி சுமந்து வெளியேறும் செல்லம் என்ற பெண். அதன் ஆங்கிலத் தலைப்பு குறுந்தொகைப் பாடல் ஒன்றிலிருந்து எடுத்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ஒரு வீட்டுக் கதைக்குத் தலைப்பு தேடியவர் இரண்டாயிரம் ஆண்டு பின்னால் போய் எடுத்து வந்திருக்கிறார்.

ஈப்போவின் புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்கினேன். கடலை, பருப்பு, முறுக்குத் துண்டு எல்லாம் கலந்த காரம். எட்டயபுரம் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் ஆரம்பித்த தொழில் என்பார்கள். இப்போது பிளாஸ்டிக் பொட்டலம். முன்பெல்லாம் பழைய பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிக் கொடுப்பார்களாம். தின்று முடித்ததும் கூம்பைப் பிரித்துப் படிப்பது வழக்கம் என்று கடைக்கார அண்ணன் சொன்னார். "பாதிக் கதைதான்ணே இருக்கும். மிச்சத்துக்கு இன்னொரு பொட்டலம் வாங்கணும்." ஒரு தலைப்பு கிடைத்துவிட்டது: காசு கொடுக்காமல் படித்தது.

ஈப்போ மாநகர மன்றம் நடத்தும் துன் ரசாக் நூலகத்துக்கும் போனேன். ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு தமிழ்ச் சிறுமி அம்மாவோடு உட்கார்ந்து மெல்லிய கதைப்புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன்.

"நீலாமுக்கு அங்கிள்."

தொண்ணூறுகளின் கடைசியில் மலேசியக் கல்வி அமைச்சு எல்லாப் பள்ளிகளுக்கும் கொண்டுவந்த வாசிப்புத் திட்டம் நீலாம். மலாய்ப் பள்ளி, சீனப் பள்ளி, தமிழ்ப் பள்ளி எல்லாவற்றுக்கும் பொது. மாணவர் படித்த புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பக்கம், சுருக்கம் எல்லாவற்றையும் பதிந்துவர வேண்டும். முன்பு நோட்டில், இப்போது இணையத்தில். எண்ணிக்கை ஏற ஏறப் படிநிலையும் ஏறும். ஒரு நாடு கால் நூற்றாண்டாகத் தன் பிள்ளைகள் எல்லோருக்கும் நடத்திவரும் ஆண்டு முழுவதுமான வாசிப்புச் சவால் என்று பார்த்தால் என் அலமாரித் தாள் வெறும் விளையாட்டு. அரசு இதோடு நிற்கவில்லை. 2021 முதல் 2030 வரை தேசிய வாசிப்புப் பத்தாண்டு. 2020-ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகராகக் கோலாலம்பூரை யுனெஸ்கோ அறிவித்தது. பாவம், அந்த ஆண்டுதான் கொரோனா எல்லாக் கதவையும் சாத்தியது.

"எல்லாம் சின்னப் புக்கா இருக்கே?"

"பக்கம் கம்மியா இருந்தா சீக்கிரம் முடியும் அங்கிள். பெரிய புக் படிச்சாலும் ஒண்ணுதான் கணக்கு."

அம்மா அவளை முறைத்தார். எனக்கு அந்தக் கணக்கு சரியாகவே பட்டது. எண்ணிக்கையைக் கேட்டால் பிள்ளை எண்ணிக்கையைத்தான் தருவாள். நான் என் தாளைக் காட்டினேன். அவள் விரலை வைத்து ஒவ்வொரு தலைப்பாகப் படித்துவிட்டு, "இதுல பேய்க்கதை இல்லையே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் பாப்பான். ஈப்போவிலிருந்து அதிக தூரமில்லை. ஒரு காலத்தில் ஈயத்தால் வாழ்ந்த ஊர். இன்று ஒரே ஒரு முக்கியத் தெரு, அதிலும் பல வீடுகளின் கூரையைத் துளைத்து மரம் வளர்ந்திருக்கிறது. 74 என்ற எண்ணுள்ள கடைவீடு பூட்டியிருந்தது. வெளியே நின்று பார்த்தேன். சிபில் கார்த்திகேசு இங்கேதான் மருந்தகம் நடத்தினார்.

அவர் தமிழரல்லர். 1899-ல் மேடானில் பிறந்த யுரேசியர், பயிற்சி பெற்ற தாதி. கணவர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசு இலங்கைத் தமிழ் வழி வந்தவர். ஈப்போவில் இருவரும் மருந்தகம் நடத்தினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு போட்டதும் பாப்பானுக்கு வந்தார்கள். காட்டிலிருந்து இரவில் இறங்கி வந்த கெரில்லாக்களுக்கு சிபில் வைத்தியம் பார்த்தார். நோயாளிகளோடு கான்டனீஸில் பேசுவார். வீட்டுக்குள் ஒரு ரேடியோவை ஒளித்து வைத்து லண்டன் செய்தியைக் கேட்டார். பிடிபட்டால் தலை போகும் குற்றம். அந்த ரேடியோவுக்கு ஜோசஃபின் என்று பெயர் வைத்திருந்தார். 1943-ல் பிடித்துக்கொண்டு போய் ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்த்தாய் செய்த சித்திரவதையில் முதுகெலும்பு போயிற்று. யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. போர் முடிந்து சிகிச்சைக்கு பிரிட்டன் போனார், ஜார்ஜ் பதக்கம் வாங்கினார், 1948 ஜூனில் இறந்தார். அவருடைய நினைவுக்குறிப்பு 1954-ல்தான் அச்சில் வந்தது. ஈப்போவில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் இருக்கிறது.

'சித்திரவதையிலிருந்து மீண்டவர் எழுதியது' என்ற வரிசையில் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தேன். அந்த வாசலில் நிற்கும்போது சித்திரவதைப் பக்கங்கள் அவ்வளவாக நினைவுக்கு வரவில்லை. ரேடியோதான் வந்தது. கேட்டவர் ஒருவர். மருந்து வாங்க வந்தவர் காதில் ஒரு வரி, அவர் போய் இன்னொருவர் காதில். செய்தி அச்சில் வராத காலத்தில் பாப்பான் தெரு இப்படித்தான் படித்தது.

பத்து காஜாவில் கெல்லி மாளிகையைப் பார்க்காமல் யாரும் விடமாட்டார்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ரப்பரில் சம்பாதித்துக் கட்ட ஆரம்பித்தது, 1926-ல் லிஸ்பனில் அவர் இறந்ததும் அப்படியே நின்றுபோனது. மாளிகை எனக்குப் பெரிதாகப் படவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. மாளிகை வேலைக்கு வந்த தமிழர்கள் கொள்ளைநோயில் சாகச் சாக, கோயில் கட்டினால்தான் வேலை என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்களாம். துரை ஒப்புக்கொண்டார். கோயில் கூரையில் சாமிகளுக்கு நடுவே தொப்பி போட்ட துரையையும் நிற்க வைத்துவிட்டார்கள். 'தொழிலாளி எழுதியது' என்ற வரிசை எனக்கு நிரம்பாமல் அலைக்கழித்தது. இந்தச் சுதைச் சிற்பத்தை அதில் சேர்க்கலாமா என்று தோன்றியது. துரையைப் பற்றித் தொழிலாளிகள் வெளியிட்ட கருத்து அது.

அந்த வரிசை நிரம்பாததற்குக் காரணம் எழுத்தாளர்கள் இல்லாதது அல்ல. மலேசியத் தமிழ்ச் சிறுகதையில் தோட்டத்துப் பிள்ளைகள் எழுதியது ஏராளம். சை. பீர்முகம்மது தொகுத்த 'வேரும் வாழ்வும்' தொகுதிகளைப் புரட்டினால் போதும், லயத்து வீடும் பெரட்டும் கள்ளுக்கடையும் பக்கத்துக்குப் பக்கம் வரும். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' தோட்டத்து மொழியை அதன் அழுக்கோடு எழுதியது. ஆனால் இவர்கள் படித்து வெளியே வந்த தலைமுறை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, மர நிரையில் நடந்து, பால் வடியும் மங்குகளைத் துடைத்து வைத்து, தோளில் காண்டாக் கம்பால் பால் சுமந்த அந்த முதல் ஆள் பேனா பிடிக்கவில்லை. 1923-ல் வந்த தொழிலாளர் சட்டப்படி பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்தியாக வேண்டும். நடத்தினார்கள், எப்படி என்பது வேறு கதை. தோட்டத்துக் கணக்கரான கிராணியே வாத்தியார், கொட்டகையே பள்ளி.

கோலா கங்சாரில் 1877-ல் நட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்றை இன்னும் வேலி போட்டுக் காக்கிறார்கள். பிரேசிலில் எடுத்த விதை லண்டன் கியூ தோட்டம் வழியாக வந்து இங்கே மரமானது. போகிற போக்கில் பார்த்துவிட்டு சுங்கை சிப்புட் திரும்பினேன்.

சுங்கை சிப்புட்டில் எண்பதைத் தொட்ட ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வீட்டில் எனக்கு இடம். ஈப்போ நண்பர் ஏற்பாடு. தாமான் எனும் குடியிருப்பில் வரிசை வீடு. உள்ளே நுழைந்ததும் அவர் மனைவி கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களா தம்பி?" பசியாறியதாகச் சொல்லியும் தோசை வந்தது.

ஊரைப் பற்றி ஐயாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. 1948 ஜூன் 16 காலையில் எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலும் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். அதிலிருந்துதான் மலாயாவில் 12 ஆண்டு நீடித்த அவசரகாலம். ஜூன் 16 இதே ஊரில் பிறந்த வீ.தி. சம்பந்தனின் பிறந்த நாளும்கூட. 1919. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து வந்து, பின்னாளில் துன் பட்டமும் அமைச்சர் பதவியும் பெற்றவர். ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, தொழிலாளர்கள் வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்தார்கள். தோட்டத் துண்டாடல் என்று இன்றும் அந்தக் காலத்துக்குப் பெயர். மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று சம்பந்தன் தோட்டம் தோட்டமாக நடந்தார். 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் பிறந்தது. அந்தச் சங்கம் பிறகு தமிழ் நூல்களுக்குப் பரிசு கொடுக்கவும் ஆரம்பித்தது. பால் வெட்டியவர்கள் காசில் இலக்கியப் பரிசு என்பதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

"நீங்க எப்ப ஐயா படிக்க ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டேன். பள்ளியைச் சொல்வார் என்று நினைத்தேன்.

"கடையில. எட்டு ஒம்பது வயசு இருக்கும். கிராணியார் வீட்டுக்குத்தான் பேப்பர் வரும். அவர் படிச்சு முடிச்சு மறுநாள் கடைக்கு வரும். சாயங்காலம் காஸ் விளக்கு ஏத்தினதும் என்னைப் பலசரக்கு மூட்டை மேல உக்கார வச்சுப் படிக்கச் சொல்வாங்க. இருபது முப்பது பேர் இருப்பாங்க. முள்வேலி போட்ட காலம் தம்பி, ராத்திரியில வெளிய எங்கயும் போக முடியாது. வேகமாப் படிச்சா திட்டுவாங்க. மெதுவாப் படிடா, எங்க போவப்போற?"

"கூலி?"

"ஒரு வடை. தொடர்கதை வர்ற அன்னிக்கு ரெண்டு."

பேப்பர் என்பது தமிழ் நேசன், இல்லையென்றால் தமிழ் முரசு. நேசன் 1924-ல் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்றது. முரசு 1935-ல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கியது. அதற்கு முன்பே, 1929 டிசம்பரில், பெரியார் மலாயா வந்து ஈப்போவில் தமிழர் மாநாட்டில் பேசியிருக்கிறார். சீர்திருத்தச் சங்கங்களும் படிப்பகங்களும் அந்த அலையில் கிளம்பியவை. ஐம்பதுகளில் முரசு மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்கு ஒரு பகுதி ஒதுக்கியது. தோட்டத்துப் பிள்ளைகள் போஸ்ட்கார்டில் எழுதி அனுப்பினார்கள். ஐயாவின் பெயர் அதில் ஒருமுறை அச்சில் வந்திருக்கிறது. அந்த இதழையும் அவரேதான் கடையில் உரக்கப் படித்தாராம், தன் பெயர் வந்த இடத்தில் மட்டும் இரண்டு தடவை.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இந்தப் பயணத்தின் முக்கியமான விஷயம். 1956-ல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வந்தது. பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில். அங்கே தமிழுக்கே முதலிடம் வேண்டும், நூலகத்தில் தமிழ் நூல்கள் நிறைய வேண்டும் என்று சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. அன்றைய கூலிக்கு ஒரு வெள்ளி சின்னப் பணமில்லை. ஐயாவின் அப்பா கொடுத்தார். அம்மா தனியாகக் கொடுத்தார்.

"ரெண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அப்பா கைநாட்டு. அந்த நூலகத்தைக் கண்ணால பாத்ததும் இல்ல. நான்தான் கடையில அந்தச் செய்தியைப் படிச்சேன், அதைக் கேட்டுட்டுக் குடுத்தாங்க."

உலகத்தில் எந்த வாசிப்புச் சவாலிலும் இப்படிப்பட்டவர்களுக்கு இடமில்லை. எல்லாத் தாளும் ஓர் ஆள் எத்தனை புத்தகம் படித்தார் என்றுதான் கேட்கிறது. என் தாளும் அதைத்தான் கேட்டது. ஒரு புத்தகம் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டிருந்தால், பலசரக்கு மூட்டை மேல் உட்கார்ந்த அந்தப் பையனும், காஸ் விளக்கைச் சுற்றி உட்கார்ந்த கைநாட்டுக்காரர்களும், பாப்பானில் காதோடு காதாகச் செய்தி கேட்டவர்களும் அதில் வந்திருப்பார்கள். தோட்டத்தில் வாசிப்புப் பழக்கம் குறைவு என்று எழுதுகிறவர்கள் தலையை எண்ணியிருக்கிறார்கள், காதை எண்ணவில்லை.

மாலையில் ஐயா என்னைப் பழைய தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பேரன் காரை ஓட்டினான். எல்லாம் செம்பனை. லயம் இருந்த இடத்தில் ஒரு கிணற்றுச் சுவர், ஒரு முனியாண்டி மேடை. மேடைக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருந்தார்கள். எண்பதுகளுக்குப் பிறகு ஆட்கள் தாமான்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள், செம்பனையில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பேராக்கில் 134 தமிழ்ப் பள்ளிகள், வேறெந்த மாநிலத்தையும்விட அதிகம். அவற்றில் பலவற்றின் பெயரில் 'லாடாங்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது: எல்ஃபில் தோட்டப் பள்ளி, டோவன்பி தோட்டப் பள்ளி. ஊரில் இருக்கும் மகாத்மா காந்தி கலாசாலை வேறு வகை. தோட்டத்து மக்களின் பங்களிப்போடு சம்பந்தன் எழுப்பியது, 1954-ல் விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐயாவின் மனைவி என் பையிலிருந்த சிறுகதைத் தொகுதியைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டியவர். கண்ணில் புரை.

"அவருக்கு இப்ப தொண்டை கட்டுது. நீங்க படிங்க தம்பி."

படித்தேன். முதல் பக்கத்திலேயே நிறுத்தி, கதையில் வரும் கங்காணி தங்கள் தோட்டத்து ஆள் மாதிரியே இருக்கிறான் என்றார். ஐயா இல்லையென்றார். அந்தக் கங்காணிக்கு மீசை கிடையாது என்பது அவர் கட்சி. மீசை வைத்தது மனைவி செத்த பிறகு என்று அம்மா. பேரன் போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். கதை பாதியில் நிற்க, கங்காணியின் மனைவி எப்படிச் செத்தாள் என்பது ஆரம்பித்தது. அது ஒரு கிணற்றில் முடிந்தது, மாலையில் நான் பார்த்த கிணறு. பிறகு அந்தக் கிணற்றடியில் வெள்ளிக்கிழமைகளில் யார் பால் வாளியோடு நிற்பாள் என்பது. பேரன் கதவைச் சாத்தினான்.

காலையில் ரயில். கதை முடியவில்லையே என்றேன். "மிச்சத்தை வாட்சப்புல பேசி அனுப்புங்க" என்றார் அம்மா.

ஊருக்கு வந்து மீதிக் கதையைப் படித்துக் குரல்பதிவாக அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. மறுநாள் பதில் வந்தது, என்னுடையதைவிட நீளமாக. கதையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. முழுக்க அந்தக் கிணற்றுப் பெண்ணின் கதை, நடுநடுவே ஐயாவின் மறுப்புகளோடு. கேட்டுவிட்டு ஈப்போ நண்பருக்கு அனுப்பினேன், அவர் தன் அக்காவுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். துன் ரசாக் நூலகத்துச் சிறுமி கேட்ட பேய்க்கதை அதுதான். அடுத்த ஆண்டுத் தாளில் ஜனவரிக்கு அதைப் போட்டிருக்கிறேன். பதிப்பகம், பக்கம் என்ற கட்டங்களில் என்ன எழுதுவது என்று மட்டும் தெரியவில்லை.